வடிவப் பெயரும் பின்னப் பெயரும்: செங்கற்சுவரின் மூலைக் கற்கள் குறித்த பாடநூல் மரபு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செங்கற்சுவரின் மூலையிலும் வரிசை முடிவிலும் வெட்டியோ வார்த்தோ வைக்கப்படும் சிறப்புக் கற்களைக் கட்டடப் பொறியியல் பாடநூல்கள் வடிவங்களின் பட்டியலாகவே அறிமுகம் செய்கின்றன. குயின் குளோசர், கிங் குளோசர், பெவல்டு குளோசர், மைட்டர்டு குளோசர், பேட், புல்நோஸ் என நீளும் அப்பட்டியலில், அக்கற்கள் ஏன் தேவைப்படுகின்றன என்னும் கணக்கு மறைந்துவிடுகிறது. இக்கட்டுரை அப்பட்டியல் மரபின் குறைகளை மூன்று நிலைகளில் ஆராய்கிறது: காரணத்தைவிட வடிவத்தை முன்வைத்தல், சாந்து மூட்டின் கனத்தை வரையறையில் விடுத்தல், கணக்கால் பிறந்த கற்களையும் வடிவியலால் பிறந்த கற்களையும் ஒன்றாகக் கலத்தல். தொடர்ந்து, இக்கற்களுக்குத் தமிழில் பெயரிடும்போது பின்னப் பெயர்களே அறிவைச் சுமக்க வல்லவை என்றும், ஆயினும் அவை தனித்து நின்றால் போதா என்றும் நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்

செங்கற்பிணைப்பு, மூலைக் கல், நிரப்புக் கல், நிலைமூட்டு, மேற்படிவு, பின்னம், கலைச்சொல்லாக்கம், தமிழ்வழிப் பொறியியல் கல்வி.

1. முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அதன்பின் தொழில்நுட்பக் கலைச்சொற்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு முனைகளில் நிகழ்ந்து வருகிறது. ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து எழுதலாமா, மொழிபெயர்த்து வழங்கலாமா என்பதே அவ்விவாதத்தின் மையம். மூலச் சொல்லே தன் பொருளைச் சரியாக உணர்த்துகிறதா, அச்சொல்லைத் தாங்கிநிற்கும் வரையறை முழுமையானதா என்னும் கேள்வி போதிய அளவு எழுப்பப்படவில்லை. குறையுள்ள வரையறையை நல்ல தமிழில் பெயர்த்தாலும் குறை குறையாகவே இருக்கும்.

இதனை ஆராய மிகச் சிறிய பாடப்பகுதி ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. செங்கற்சுவரின் மூலையிலும் முடிவிலும் வைக்கப்படும் சிறப்புக் கற்கள் பற்றிய பகுதி அது. பட்டயப் படிப்பு மாணவரும் பட்டப் படிப்பு மாணவரும் தொடக்கத்திலேயே இதனைக் கற்கின்றனர். தேர்வில் படம் வரைகின்றனர். பின்னர் மறந்துவிடுகின்றனர். கட்டுமான இடத்திற்குச் செல்லும்போது, அங்குள்ள கொத்தனார் ‘முக்கால் கல் எடு’ என்று சொல்வதும் தாம் படித்த பாடமும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது அவர்களுக்குப் புலப்படாமலே போகக்கூடும். இவ்விடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

இக்கட்டுரையில், தன் நீண்ட பக்கம் சுவர்முகத்தில் தெரியுமாறு வைக்கப்படும் கல் ‘நீட்டுக்கல்’ எனவும், குறுகிய பக்கம் தெரியுமாறு வைக்கப்படும் கல் ‘தலைக்கல்’ எனவும் வழங்கப்படுகின்றன. ஒரு வரிசையில் அடுத்தடுத்த கற்களுக்கிடையே செங்குத்தாக அமையும் மூட்டு ‘நிலைமூட்டு’. மேல்வரிசைக் கல் கீழ்வரிசை நிலைமூட்டைத் தாண்டி அமரும் நீளம் ‘மேற்படிவு’. ஆங்கிலத்தில் குளோசர் எனப்படும் கல் ‘நிரப்புக் கல்’. இவை வாசிப்பு வசதிக்காக இங்குக் கொள்ளப்பட்ட சொற்களே.

2. பட்டியல் மரபு

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் வழங்கும் கட்டடக் கட்டுமானப் பாடநூல்கள் பலவற்றிலும் செங்கற்பிணைப்பு பற்றிய இயல் ஏறத்தாழ ஒரே முறையில் அமைகிறது. முதலில் சொல்விளக்கம் வரும். அதில், கல்லின் அகலம் பாதியாகுமாறு நீளவாக்கில் வெட்டப்பட்டது குயின் குளோசர் எனவும், ஒரு தலையின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தின் நடுவரை மூலையை முக்கோணமாக வெட்டி நீக்கியது கிங் குளோசர் எனவும் கூறப்படும். ஒரு தலை முழு அகலமும் மறுதலை அரை அகலமும் கொண்டு நெடுகச் சரிந்தது பெவல்டு குளோசர். தலைப்பகுதி சாய்கோணத்தில் வெட்டப்பட்டது மைட்டர்டு குளோசர். நீளம் குறுக்காக வெட்டப்பட்டவை அரை பேட், முக்கால் பேட். இவற்றோடு விளிம்பு உருண்ட புல்நோஸ், செங்கோணமல்லாத மூலைக்குரிய ஸ்குவிண்ட் ஆகியனவும் அதே படத்தொகுப்பில் இடம்பெறும். இதன் பின்னரே ஆங்கிலப் பிணைப்பு, பிளெமியப் பிணைப்பு முதலியவை தனித்தனி வகைகளாக விளக்கப்படும்.

இம்முறையில் வரிசை தலைகீழாக உள்ளது. விடை முதலில் தரப்படுகிறது. வினா பல பக்கங்கள் கழித்தே வருகிறது. சில நூல்களில் வரவே வருவதில்லை. மாணவர் எட்டு வடிவங்களை மனப்பாடம் செய்கிறார். ஆனால் சுவரின் நடுப்பகுதியில் தேவைப்படாத ஒரு துண்டு மூலையில் மட்டும் ஏன் தேவைப்படுகிறது என்பதை அவர் தாமே கண்டறிய வேண்டியதாகிறது.

ஒப்புநோக்க, மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகள் இப்பொருளை அணுகும் முறை கருதத்தக்கது. பிணைப்பை நிறைவு செய்யத் தேவைப்படும் இடத்தில் நிரப்புக் கல்லாக அன்றி, அரைக் கல்லோ வெட்டிய கல்லோ பயன்படுத்தலாகாது என்றும், அவ்வாறு பயன்படுத்துங்கால் தேவையான அளவுக்கு வெட்டிச் சுவர் முடிவின் அருகே வைக்க வேண்டும் என்றும் அவை விதிக்கின்றன. இங்கு அரசியும் அரசனும் இல்லை. கல்லின் பணியும் இடமும் மட்டுமே சொல்லப்படுகின்றன. பணிக்களத்திற்காக எழுதப்பட்ட ஆவணம் பணியால் வரையறுப்பதும், வகுப்பறைக்காக எழுதப்பட்ட நூல் வடிவத்தால் வரையறுப்பதும் தற்செயலானவை அல்ல. வடிவத்தைத் தேர்வில் கேட்பது எளிது, மதிப்பெண் இடுவதும் எளிது.

3. கால் கல்லின் கணக்கு

பட்டியல் மறைக்கும் கணக்கை இங்கு முழுமையாகப் பார்ப்போம். மூட்டையும் சேர்த்துக் கல்லின் நீளம் 9 அங்குலம், அகலம் 4½ அங்குலம் எனக் கொள்வோம். சுவர் ஒரு கல் கனமுடையது. ஆங்கிலப் பிணைப்பில் ஒரு வரிசை முழுதும் நீட்டுக்கற்கள், அடுத்த வரிசை முழுதும் தலைக்கற்கள்.

மூலையிலிருந்து அளந்தால் நீட்டுக்கல் வரிசையின் நிலைமூட்டுகள் 9, 18, 27 அங்குலங்களில் விழும். அதன்மேல் தலைக்கல் வரிசையை மூலையிலிருந்தே தொடங்கினால் மூட்டுகள் 4½, 9, 13½, 18 என விழும். 9இலும் 18இலும் மேல்மூட்டும் கீழ்மூட்டும் ஒன்றாகிவிடுகின்றன. இவ்வாறு எல்லா வரிசைகளும் எழுந்தால் சுவர்முகத்தில் 9 அங்குலத்திற்கு ஒரு முறை அடியிலிருந்து முடிவரை தொடரும் மூட்டுக்கோடு உண்டாகும். அக்கோட்டில் கற்கள் ஒன்றையொன்று பற்றவில்லை. சுமை பரவாமல் அந்தந்தத் தூணாகவே இறங்கும்.

இப்பொழுது மூலைத் தலைக்கல்லை அடுத்து 2¼ அங்குலம் அகலமுள்ள துண்டு ஒன்றை வைப்போம். மூட்டுகள் 4½, 6¾, 11¼, 15¾, 20¼ என இடம்பெயர்கின்றன. கீழ்வரிசையின் 9ஆம் அங்குல மூட்டு, 6¾க்கும் 11¼க்கும் இடைப்பட்ட தலைக்கல்லின் நட்ட நடுவில் வருகிறது. 18ஆம் அங்குல மூட்டும் அவ்வாறே அடுத்த தலைக்கல் ஒன்றின் நடுவில் வருகிறது. ஒரு சிறு துண்டு வரிசை முழுவதையும் கால் கல் தொலைவு நகர்த்திவிட்டது. அத்துண்டே குயின் குளோசர். அதனை மூலையின் முதற்கல்லாக வைக்காமல் இரண்டாவதாக வைப்பதற்கும் காரணம் உண்டு. மெல்லிய துண்டு விளிம்பில் நின்றால் எளிதில் பெயரும். எனவே முழுக்கல் மூலையைக் காக்க, துண்டு உள்ளே ஒதுங்குகிறது.

இதே விளைவைப் பெற மற்றொரு வழியும் உண்டு. தலைக்கல் வரிசையைத் தொடாமல் விட்டு, நீட்டுக்கல் வரிசையை முக்கால் கல்லில் தொடங்கலாம். அப்போது நீட்டுக்கல் மூட்டுகள் 6¾, 15¾, 24¾ அங்குலங்களில் விழும். தலைக்கல் மூட்டுகள் 4½, 9, 13½, 18 என்றே இருக்கும். 6¾ என்பது 4½க்கும் 9க்கும் நடு. 15¾ என்பது 13½க்கும் 18க்கும் நடு. மேற்படிவு மீண்டும் கால் கல்லே.

ஆக, ‘கால் கல் கூட்டு’ அல்லது ‘கால் கல் குறை’ என்னும் இரு வழிகள் ஒரே கணக்கின் இரு தீர்வுகள். பாடநூல்களோ முதல் வழியை ஆங்கிலப் பிணைப்பின் இலக்கணமாகவும், இரண்டாம் வழியை டச்சுப் பிணைப்பு என்னும் வேறொரு வகையின் இலக்கணமாகவும் வெவ்வேறு பத்திகளில் வைக்கின்றன. டச்சுப் பிணைப்பில் ஒன்றுவிட்ட நீட்டுக்கல் வரிசைகளில் முக்கால் கல்லை அடுத்து ஒரு தலைக்கல் செருகப்படுவது உண்மையே. அது நீட்டுக்கற்களின் மூட்டுகள் தம்முள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் காக்கும் கூடுதல் ஏற்பாடு. ஆனால் இரு பிணைப்புகளும் பிரியும் முதற்புள்ளி மூலைக் கல்லின் தேர்வே என்பதை மாணவருக்குச் சொல்லும் நூல்கள் அரிது. சுவரின் நடுவைப் பார்த்துப் பிணைப்புக்குப் பெயரிடும் பழக்கம், சுவரின் முடிவில் இருக்கும் காரணத்தைக் காணவிடாமல் செய்கிறது.

பிளெமியப் பிணைப்பிலும் கணக்கு இதுவே. ஒவ்வொரு வரிசையிலும் தலைக்கல்லும் நீட்டுக்கல்லும் மாறிமாறி வரும் இப்பிணைப்பின் தொடக்ககால ஆங்கில எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக 1631இல் எழுந்த கியூ மாளிகை கருதப்படுகிறது. கீழ்வரிசை மூலையில் நீட்டுக்கல் 9 வரையும் தலைக்கல் 13½ வரையும் அமைந்தால், அத்தலைக்கல்லின் நடு 11¼. மேல்வரிசை நீட்டுக்கல்லின் நடுவும் 11¼இல் அமைய வேண்டுமெனில் அது 6¾இல் தொடங்க வேண்டும். மூலைத் தலைக்கல் 4½இல் முடிகிறது. எஞ்சிய 2¼ அங்குலமே நிரப்புக் கல். வகைகள் மாறினும் விடுபடும் இடைவெளி மாறவில்லை.

4. சாந்தின் கனத்தை விடுத்த வரையறை

குயின் குளோசரின் அகலம் கல்லின் அகலத்தில் பாதி என்பது பாடநூல் வரையறை. மேலே கண்ட கணக்கு மூட்டையும் உள்ளடக்கிய அளவுகளால் ஆனது என்பதை நினைவிற்கொண்டால் இவ்வரையறையின் குறை புலப்படும்.

இந்தியத் தரநிலை கூறும் அளவொத்த செங்கல்லின் நீளம் 190 மி.மீ., அகலம் 90 மி.மீ. மூட்டு 10 மி.மீ. எனின், பெயரளவு நீளம் 200, அகலம் 100. இரு அகலங்களும் இடையே ஒரு மூட்டும் சேர்ந்தால் 90 + 10 + 90 = 190. பிரித்தானியத் தரநிலைக் கல்லிலும் 102.5 + 10 + 102.5 = 215. கல்லின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது இரு மடங்கும் ஒரு மூட்டும் ஆகும். பிணைப்பின் அடிப்படை இவ்வுறவே.

நிரப்புக் கல் அடைக்க வேண்டிய பெயரளவு இடம் 200இல் கால், அதாவது 50 மி.மீ. அதில் ஒரு மூட்டு 10 போக, கல்லின் அகலம் 40 மி.மீ. பாடநூல் வரையறைப்படி வெட்டினால் 45 மி.மீ. வரும். அவ்வாறே முக்கால் கல் 150இலிருந்து 10 கழிய 140 மி.மீ. இருக்க வேண்டும். வரையறைப்படியோ 142.5 வரும். பூசி மறைக்கப்படும் சுவரில் 5 மி.மீ. வேறுபாடு பொருட்டன்று எனலாம். கல் வெளித்தெரியும் சுவரிலோ அது ஒவ்வொரு மூலையிலும் தெரியும். அளவைவிடப் பெரிய குறை கருத்தளவிலானது. உலர்ந்த கல்லைத் தனியே மேசைமேல் வைத்து வரையறுக்கும் நூல், சாந்தோடு கூடிய வரிசையில் அக்கல் செய்யும் வேலையைக் கணக்கிலெடுக்கவில்லை.

கற்கள் அளவொத்து வராத இடத்தில் இக்குறை வெளிப்படையாகிறது. 9 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உடைய கல்லை அரை அங்குல மூட்டோடு அடுக்கினால், நீட்டுக்கல் 9½ அங்குலத்திற்கு ஒரு மூட்டும், இரு தலைக்கற்கள் 9 அங்குலத்திற்கு ஒரு மூட்டும் தரும். ஒவ்வொரு நீட்டுக்கல்லுக்கும் அரை அங்குலம் விலகும். மூலையில் நிரப்புக் கல்லைப் பிழையின்றி வைத்துத் தொடங்கினாலும், நான்கைந்து நீட்டுக்கற்களுக்குள் மேற்படிவு கரைந்து மூட்டின்மேல் மூட்டு வந்துவிடும். இதனைத் தடுக்கத் தலைக்கற்களின் மூட்டை முக்கால் அங்குலமாக அகற்ற வேண்டும், அல்லது இடையில் மீண்டும் துண்டு செருக வேண்டும். நீளம் – அகலம் – மூட்டு என்னும் உறவை அறிந்த மாணவர் இதனைத் தாளிலேயே முன்னறிவார். வடிவப் படத்தை மட்டும் அறிந்தவர், தாம் வரைந்த படம் சுவரில் ஏன் பலிக்கவில்லை எனத் திகைப்பார். பழியைக் கொத்தனார்மேல் போடவும் கூடும்.

5. கணக்கின் கல்லும் வடிவியலின் கல்லும்

பாடநூற் பட்டியலின் மூன்றாம் குறை வகைப்பாடு பற்றியது. ஒரே படத்தொகுப்பில் இடம்பெறும் கற்கள் உண்மையில் இரு வேறு தேவைகளால் பிறந்தவை.

முதலாவது இனம் மேற்படிவுக் கணக்கால் பிறந்தது. குயின் குளோசர், அரைக் கல், முக்கால் கல் ஆகியன இதிற்சேரும். இவை சாதாரணக் கல்லை வெட்டிப் பெறப்படுபவை. செங்கோண மூலையிலும் இவை வேண்டும். சுவர்முகம் சமதளமாக இருப்பினும் இவை வேண்டும்.

இரண்டாவது இனம் கட்டடத்தின் வடிவியலால் பிறந்தது. செங்கோணமல்லாத மூலைக்கு வேண்டிய சாய்மூலைக் கல், கூர்விளிம்பு உடையாமலும் இடிபடுவோரைக் காயப்படுத்தாமலும் இருக்க உருட்டப்பட்ட விளிம்புக் கல், மதிலின் தலையில் நீர் வழிய வைக்கப்படும் கல் ஆகியன இவ்வினத்தவை. இவை சுடுமுன் அச்சிலேயே வார்க்கப்படுதல் சிறப்பு. மொகஞ்சதாரோவின் கிணறுகளில் வட்டச் சுவருக்கென ஆப்பு வடிவில் செய்யப்பட்ட செங்கற்கள் இவ்வினத்தின் தொன்மையான சான்று. அந்நாகரிகத்தின் சாதாரணச் செங்கல் 1:2:4 என்னும் விகிதத்தது என்பதும், வட்டத்திற்கு அவ்விகிதம் ஒத்துவராத இடத்தில் புதிய அச்சு செய்யப்பட்டது என்பதும் இவ்விரு இனங்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கிங் குளோசரும் பெவல்டு குளோசரும் இரண்டிற்கும் இடைப்பட்டவை. கதவு, சன்னல் பக்கங்களில் சட்டம் பொருந்தச் சுவர் உட்குழிந்து திரும்பும்போது, முகத்தில் அரை அகலம் மட்டுமே தெரிய வேண்டும். ஆயினும் கல் உள்ளே நன்கு பதிந்திருக்கவும் வேண்டும். முழுதும் மெல்லிய துண்டை வைத்தால் பிடிப்பு குறையும். ஆகவே தெரியும் தலையை மட்டும் பாதியாக்கி உடலைப் பெரிதாக வைத்துக்கொள்கிறது கிங் குளோசர். மூலையில் நீங்கும் முக்கோணத்தின் நீளம் அரைக் கல், அகலம் அரை அகலம். எனவே பரப்பில் நீங்குவது எட்டில் ஒன்று, தமிழ்ப் பின்ன வாய்பாட்டின்படி அரைக்கால். பெவல்டு குளோசரில் நீங்குவது கால், எஞ்சுவது முக்கால். வலிமைக்கும் முகத்தோற்றத்திற்கும் இடையே நிகழும் இப்பேரத்தைப் பின்னம் உடனே காட்டிவிடுகிறது.

இவ்விரு இனங்களையும் பிரித்தறிவது ஏட்டளவுத் தேவை மட்டுமன்று. சென்னை உயர்நீதிமன்றம், எழும்பூர் இரயில் நிலையம் போன்ற செங்கல் வெளித்தெரியும் கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது, பெயர்ந்துபோன கல் எவ்வினத்தது என்பதே முதல் வினா. கணக்கின் கல்லாயின் ஒத்த அளவுள்ள முழுக்கல்லை வெட்டி ஈடுசெய்யலாம். வடிவியலின் கல்லாயின் புதிய அச்சு வேண்டும். அச்சில் வார்த்துச் சுட்ட கல்லின் புறத்தோல் கெட்டியானது. வெட்டிய கல்லில் அத்தோல் நீங்கி உட்பகுதி மழைக்கு வெளிப்படும். இனந்தெரியாமல் வெட்டி வைத்த கல் விரைவில் அரிக்கப்படலாம். பாடநூல் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பதால் மாணவர் இழப்பது இத்தகைய முடிவெடுக்கும் திறனையே.

6. எலிப்பொறிப் பிணைப்பு: ஒரு சோதனை

வடிவப் பட்டியல் எவ்வளவு தூரம் உதவும் என்பதைச் சோதிக்க அப்பட்டியலுக்குப் புறத்தேயுள்ள ஒரு பிணைப்பை எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்டு பணியாற்றிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) குறைந்த செலவுக் கட்டடங்களில் பெரிதும் பரப்பியது எலிப்பொறிப் பிணைப்பு. இதில் கற்கள் படுக்கையாக அன்றிப் பக்கவாட்டில் நிறுத்தப்படுகின்றன. சுவரின் கனம் 9 அங்குலமே. ஆயினும் இரு முகங்களிலுமுள்ள நீட்டுக்கற்களுக்கு இடையே வெற்றிடம் அமைவதால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது.

மூட்டையும் சேர்த்துக் கல்லின் அளவு 9 × 4½ × 3 அங்குலம் எனக் கொள்வோம். நிறுத்திய கல்லில் நீட்டுக்கல் முகத்தில் 9 அங்குலமும் தலைக்கல் 3 அங்குலமும் காட்டும். கீழ்வரிசை மூலையில் நீட்டுக்கல் 9 வரை, தலைக்கல் 12 வரை. அத்தலைக்கல்லின் நடு 10½. மேல்வரிசை நீட்டுக்கல்லின் நடுவும் அங்கே அமைய அது 6இல் தொடங்கி 15இல் முடிய வேண்டும். மூலைத் தலைக்கல் 3இல் முடிகிறது. இடைவெளி 3 அங்குலம்.

இங்கு நிரப்ப வேண்டியது கால் கல் அளவன்று, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது கல்லின் கனத்திற்குச் சமம். ஆகவே மற்றொரு முழுக்கல்லையே தலைக்கல்லாக நிறுத்தினால் இடைவெளி பொருந்திவிடுகிறது. வெட்டவே தேவையில்லை. மூலையும் வெற்றிடமின்றித் திண்மையாகிறது.

‘அகலம் பாதியாக்கப்பட்ட கல்லே நிரப்புக் கல்’ எனக் கற்ற மாணவர் இங்குக் குயின் குளோசரைத் தேடுவார். ‘வரிசையை நகர்த்தும் அளவே நிரப்புக் கல்’ எனக் கற்றவர் கணக்கிட்டு முழுக்கல்லை எடுப்பார். ஒரே பெயர் ஓரிடத்தில் அரைத் துண்டையும் மற்றோரிடத்தில் முழுக்கல்லையும் குறிக்க நேர்வதால், நிரப்புக் கல் என்பது ஒரு வடிவத்தின் பெயராக இருத்தல் இயலாது. அது வரிசையில் ஓர் இடத்திற்குரிய கடமையின் பெயர்.

7. பெயரிடுதல்: அரசியும் பின்னமும்

இனிப் பெயர்களுக்கு வருவோம். குயின், கிங் என்னும் ஆங்கில அடைகள் கல்லின் அளவையோ இடத்தையோ பணியையோ உணர்த்துவதில்லை. கூரைச் சட்டகத்தில் ஒற்றையாக நிற்கும் நடுக்காலைக் கிங் எனவும் இணையாக நிற்கும் இரு கால்களைக் குயின் எனவும் வழங்குவதிலாவது ஓர் ஒழுங்கு உண்டு. செங்கல்லில் அதுவும் இல்லை. இச்சொற்களை ‘அரசி நிரப்புக் கல்’, ‘அரசன் நிரப்புக் கல்’ என நேர்பெயர்ப்பாக வழங்கினால், ஆங்கிலத்தில் பொருளற்றுப்போன அடைமொழி தமிழிலும் பொருளற்றதாகவே வாழத் தொடங்கும். புல்நோஸ் என்பதைக் காளைமூக்கு என்பதும் அத்தகையதே. சொல் தமிழாகும். அறிவு தமிழாகாது.

பிற மொழிகளின் தொழில் வழக்கு இவ்விடத்தில் ஒப்பீட்டுக்குரியது. டச்சு மொழியில் கால் கல் ‘கிளெசோர்’, முக்கால் கல் ‘டிரீகிளெசோர்’, அதாவது மூன்று கால். செருமானியத்தில் முக்கால் கல் என்றே பொருள்படும் கூட்டுச்சொல் வழங்குகிறது. தமிழகக் கொத்தனார் வழக்கிலும் அரைக் கல், முக்கால் கல், கால் கல் என்பவையே நிலவுகின்றன. சுவரின் கனமும் ஒரு கல் சுவர், அரைக் கல் சுவர் எனக் கல்லின் பின்னத்தாலேயே சொல்லப்படுகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை 4326இல், மூலைகளில் நிலைக்கம்பி பொருத்துதலைக் காட்டும் படங்களிலும் கற்கள் ஒரு கல் நீளம், அரைக் கல் நீளம் எனப் பின்னத்தால் குறிக்கப்படுகின்றன. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி எனத் தொடரும் பின்ன வாய்பாட்டை நெடுங்காலம் பயிற்றுவித்த மொழிக்கு, இக்கற்களின் பெயர்களை வெளியே தேட வேண்டிய தேவை இல்லை.

ஆயினும் கொத்தனார் வழக்கை அவ்வாறே எடுத்தாள்வதும் தீர்வாகாது. குயின் குளோசரும் பரப்பில் அரைக் கல்லே, அரை பேட்டும் அரைக் கல்லே. ஒன்று நீளவாக்கில் பாதி, மற்றொன்று குறுக்குவாக்கில் பாதி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பிணைப்பு கெடும். ஆங்கிலத்தில் குளோசர், பேட் என்னும் இரு சொற்கள் இவ்வேறுபாட்டைக் காக்கின்றன: நீண்ட பக்கம் ஒன்றேனும் வெட்டுப்படாமல் எஞ்சுவது குளோசர், நீளமே குறுக்காக வெட்டுப்படுவது பேட். பட்டியல் மரபின் நன்மை என ஏற்கத்தக்கது இது. ‘அரைக் கல்’ என்று மட்டும் சொன்னால் இவ்வேறுபாடு மறைகிறது.

எனவே பின்னத்தோடு வெட்டுத் திசையையும் சேர்க்க வேண்டும். நெடுக்கு, குறுக்கு என்னும் இரு சொற்கள் போதும். குயின் குளோசர் நெடுக்கரைக் கல், அரை பேட் குறுக்கரைக் கல், முக்கால் பேட் குறுக்கு முக்கால் கல் ஆகும். குயின் குளோசரை நெடுக வெட்டுவது கடினமாதலால், குறுக்கரைக் கல்லை மேலும் நெடுக வெட்டிப் பெறும் இரு துண்டுகளாகவும் வைப்பர். அத்துண்டு நெடுக்குக் கால் கல். கிங் குளோசரை மூலைவெட்டுக் கல் எனவும், பெவல்டு குளோசரைச் சரிவெட்டுக் கல் எனவும், புல்நோஸை உருள்விளிம்புக் கல் எனவும் வழங்கலாம். இப்பெயர்களில் எதனைக் கேட்பினும் கல்லை எவ்வாறு ஆக்குவது என்பது பெயரிலிருந்தே விளங்கும். நிரப்புக் கல் என்னும் பெயரைப் பணியைக் குறிக்க மட்டும் ஒதுக்கிவைக்கலாம். ‘இவ்வரிசையில் நெடுக்கரைக் கல்லே நிரப்புக் கல்’ என்னும் தொடரில் வடிவமும் கடமையும் தனித்தனியே தெளிவாகின்றன.

8. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு: இன்று பெரும்பாலான கட்டடங்கள் கற்காரைச் சட்டகத்தால் ஆனவை. மூலையில் தூண் நிற்கிறது. செங்கல் இடைநிரப்பியே. மேலே பூச்சு மூடிவிடுகிறது. ஆகவே மூலைக் கல் பற்றிய நுட்பம் காலாவதியானது என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால் சுற்றுச்சுவர்களும், சிறு நகரங்களிலும் ஊர்ப்புறங்களிலும் எழும் சுமைதாங்கு சுவர் வீடுகளும், பழங்கட்டடப் பாதுகாப்பும் இத்தீர்ப்புக்குள் அடங்கமாட்டா. நிலநடுக்கத்தின்போது சுமைதாங்கு சுவர்கள் பெரும்பாலும் பிரியத் தொடங்கும் இடம் மூலையே. மேலும், காலாவதியானது என்றால் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவதே நேர்மை. பாடமாக வைத்துக்கொண்டு காரணத்தை மட்டும் நீக்குதல் பொருந்தாது.

இரண்டாம் மறுப்பு: அனைத்திந்தியப் போட்டித் தேர்வுகளில் ஆங்கிலப் பெயர்களே கேட்கப்படுகின்றன. தமிழ்ப் பெயர் மாணவருக்கு இரட்டைச் சுமை என்பர். ஆங்கிலப் பெயரை முதலில் வரும் இடத்தில் ஒலிபெயர்த்துத் தருவதற்குத் தடையில்லை. நெடுக்கரைக் கல்லின் கணக்கை அறிந்தவருக்குக் குயின் குளோசர் என்பது நினைவில் வைக்க வேண்டிய ஒரு மறுபெயர் மட்டுமே. கணக்கை அறியாதவருக்கு இரு பெயர்களும் சுமையே.

மூன்றாம் மறுப்பு: கொத்தனார் வழக்கைப் போற்றுவது, களத்தில் நிகழும் பிழைகளையும் போற்றுவதாகாதா? உடைந்த துண்டுகளைக் கைக்கு வந்த இடத்தில் செருகி, மூட்டின்மேல் மூட்டு விழக் கட்டும் சுவர்கள் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. இக்கட்டுரை போற்றுவது வழக்கிலுள்ள பின்னப் பெயரிடும் முறையை மட்டுமே. பெயர் சரியாக இருப்பதால் வேலை சரியாகிவிடாது. ஆனால் பிழையைச் சுட்டிக்காட்டும் பொறியாளரும் அதனைத் திருத்த வேண்டிய கொத்தனாரும் ஒரே சொல்லைப் பேசினால் திருத்தம் எளிதாகும்.

9. முடிவுரை

செங்கற்சுவரின் மூலைக் கற்கள் பற்றிய பாடநூல் மரபு, கணக்கால் பிறந்த விடைகளை வடிவங்களின் பட்டியலாகச் சுருக்கிவிட்டது. அதனால் ஆங்கிலப் பிணைப்பும் டச்சுப் பிணைப்பும் பகிரும் பொது அடிப்படை மறைந்தது. சாந்து மூட்டு வரையறையிலிருந்து விடுபட்டது. வெட்டத்தக்க கல்லும் வார்க்கத்தக்க கல்லும் வேறுபாடின்றிக் கலந்தன. இக்குறைகளோடு அப்பட்டியலைத் தமிழாக்குவதால் பயன் சிறிதே.

தமிழ்வழிப் பாடநூல் எழுதுவோர் இப்பகுதியை மூன்று மாற்றங்களோடு அமைக்கலாம். முதலாவது, பெயர்களுக்கு முன்னர் மேற்படிவுக் கணக்கை வைத்தல். இரண்டாவது, எல்லா அளவுகளையும் மூட்டோடு சேர்த்துக் கூறுதல். மூன்றாவது, கற்களுக்குப் பின்னத்தாலும் வெட்டுத் திசையாலும் பெயரிட்டு, நிரப்புக் கல் என்பதைப் பணிப்பெயராக மட்டும் ஆளுதல். தேர்விலும் ‘படம் வரைக’ என்பதற்கு மாற்றாக, அளவொத்து வராத ஒரு கல்லின் நீளத்தையும் அகலத்தையும் தந்து, மூலையில் எத்துண்டு வேண்டும் எனக் கேட்கலாம்.

கலைச்சொல் விவாதங்களில் ஒரு சொல் தூய தமிழா என்பதையே பெரிதும் கேட்கிறோம். அச்சொல்லைக் கேட்டவர் கரணையை எங்கே வைத்துக் கல்லை வெட்டுவார் என்பதையும் கேட்டால், எந்தப் பெயரை ஏற்பது என்பதில் இன்னும் தெளிவான முடிவுக்கு வர இயலும்.